பழைய வில்லுக்குப் புதிய நாண்

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் காரியாபட்டி என்னும் ஊர் அமைந்துள்ளது. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றிலும் மானாவாரி நிலங்கள் பரந்து கிடக்கின்றன. மழை குறைந்த அந்நிலங்களின் வரப்புகளில் பனை நிமிர்ந்து நிற்கும். எருக்கு பாதையோரங்களில் தானே முளைத்துப் பூத்திருக்கும். பனை நுங்குக்கும் பதநீருக்கும் ஓலைக்கும் உரிய மரம் என்பதைப் பலரும் அறிவர். எருக்கையோ, பிள்ளையார் சதுர்த்தியன்று மாலை கட்டும்போதன்றி எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஒரு காலத்தில் வேந்தர்தம் படைக்கலச் சாலைகளில் இவ்விரண்டும் மதிப்புப் பெற்றிருந்தன. வில் செய்யப் பனையும், நாண் திரிக்க எருக்கும் பயன்பட்டன.

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் என்னும் வடமொழி நூல், படைக்கலச் சாலைத் தலைவன் சேர்த்து வைக்க வேண்டிய பொருள்களைக் கூறுமிடத்து, பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகிய நான்கினாலும் வில் செய்யப்படும் என்கின்றது. நாணுக்கு உரியனவாக மரல், எருக்கு, சணல், மூங்கில் முதலியவற்றின் நார்களையும், விலங்கின் தசைநாரையும் அந்நூல் எண்ணுகின்றது. மரல் என்பது வாள்போன்ற மடல்களையுடைய ஒரு செடி. மருள் என்றும் வழங்கும். ஆங்கிலேயர் அதற்கு 'வில்நாண் சணல்' என்றே பெயரிட்டனர். எருக்கந்தண்டின் பட்டையை உரித்து உலர்த்திப் பிரித்தால் பட்டுப்போன்ற நார் கிடைக்கும். மெல்லியதாகத் தோன்றினும் அது எளிதில் அறாது.

தமிழகத்து மூவேந்தருள் சேரர் வில்லையே தம் பொறியாகக் கொண்டனர். வில்லும் அம்பும் பொறித்த அவர்தம் செப்புக் காசுகள் கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்துள்ளன. வில்லுக்குச் சிலை, கொடுமரம், தனு, கார்முகம் எனப் பெயர்கள் பல. பெயர் பலவாயினும் உறுப்புகள் சிலவே. கையாற் பற்றும் நடுப்பகுதி பிடி எனப்படும். பிடிக்கு மேலும் கீழும் வளைந்து செல்லும் பகுதிகளைக் கரங்கள் என்பர். கரங்களின் நுனியில் நாணை மாட்டுதற்கு வெட்டப்பட்ட பள்ளம் குதை ஆகும். எய்பவனை நோக்கியிருக்கும் புறத்தை வயிறு என்றும், அதற்கு மறுபுறத்தை முதுகு என்றும் கூறுதல் மரபு.

பச்சை மூங்கில் கழி ஒன்றை வளைத்துப் பார்த்தால் வில்லின் இயல்பு விளங்கும். வளைவின் வெளிப்புறம் நீள முயல்கின்றது. உட்புறம் நெருங்கிச் சுருங்குகின்றது. அளவு மீறினால் வெளிப்புறத்து நார்கள் அறுந்து சிலும்பும். உட்புறத்து நார்கள் மடிந்து நசுங்கும். ஆகவே, வில்லின் முதுகு இழுவிசையையும், வயிறு நெருக்கு விசையையும் இடைவிடாது தாங்குகின்றன. இவ்வுண்மையை உணர்ந்த பண்டைக் கைவினைஞர் மரத்தினால் மட்டும் வில் செய்வதனோடு அமையவில்லை. நடுவே மெல்லிய மரப்பட்டையை வைத்தனர். நெருக்கத்தைத் தாங்கவல்ல எருமைக்கொம்பை வயிற்றுப்புறத்தில் ஒட்டினர். இழுப்பைத் தாங்கவல்ல தசைநாரைச் சீவி முதுகிற் பதித்தனர். தோலையும் மீனின் காற்றுப்பையையும் காய்ச்சி எடுத்த பசையே இவற்றை ஒன்றாகப் பிணித்தது. முகலாயர் காலத்து இந்திய வில்லும், துருக்கியர், பாரசீகர், கொரியர் ஆகியோரின் வில்லும் இவ்வகையினவே.

இவ்வகை விற்களுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. நாணைக் கழற்றிவிட்டால் இவற்றின் முனைகள் எய்பவனை நோக்காமல், எதிர்ப்புறமாகத் திரும்பி வளைந்து நிற்கும். இதுவே எதிர்வளைவு வில் எனப்படும். இயல்புக்கு மாறாக வளைத்து நாணேற்றுவதால், அம்பைப் பூட்டு முன்னரே வில்லில் விசை குடிகொள்கின்றது. இழுக்கத் தொடங்கும்போது நாண் முனைவளைவின்மேற் படிந்திருக்கும். இழுக்க இழுக்க அவ்வளைவினின்றும் விலகும். அதனால் நெம்புகோல் நீள்வது போன்ற பயன் உண்டாகி, இறுதியில் இழுப்புத் திடீரென்று கடுமையாகாமல் இருக்கும். சிறிய வில்லே பெரிய வில்லின் வேலையைச் செய்வதால், குதிரை மீதிருந்து பொருவோர் இதனை விரும்பினர். இன்று உலக ஒலிம்பிக் பந்தயங்களில் வீரர்கள் 70 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை எய்வதும் எதிர்வளைவு வில்லினாலேயே ஆகும். அவ்விலக்கின் குறுக்களவு 122 செண்டிமீட்டர். பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டமோ 12.2 செண்டிமீட்டரே. இளமையில் மூங்கில் வில்லாற் பயின்ற ராஞ்சி நகரத்துத் தீபிகா குமாரி, 2010ஆம் ஆண்டு தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்றதும் இவ்வகை வில்லைக் கொண்டே.

இத்தகைய வில் ஒன்று பல்லாண்டு பயன்படாமல் பரண்மேற் கிடந்து, பின்னர் ஒருவர் கைக்கு வந்தால் அவர் செய்யத் தக்கது யாது? நாண் இற்றுப் போயிருக்கும், மெருகு மங்கியிருக்கும். கண்டவுடன் புதுநாணை மாட்டி இழுத்துப் பார்க்கவே எவர்க்கும் உள்ளம் விழையும். பழைய விற்கள் பெரும்பாலும் பாழாவது அந்த ஒரு நொடியிலேதான்.

இதற்கு இலக்கியத்தில் நல்ல சான்று ஒன்று உண்டு. ஓமர் என்னும் கிரேக்கப் புலவர் பாடியதாகக் கூறப்படும் ஒடிசி என்னும் காப்பியத்தின் தலைவன் ஒடிசியஸ். அவன் இருபது ஆண்டுகள் கழித்து, இரவலன் கோலத்தில் தன் நாட்டிற்கு மீள்கின்றான். அவன் மனைவியை மணக்க விரும்பிய செல்வர்கள், அவன் விட்டுச்சென்ற வில்லை நாணேற்ற முயல்கின்றனர். நெருப்பிற் காட்டியும் கொழுப்பைப் பூசியும் வில்லை இளக்கப் பார்க்கின்றனர், இயலவில்லை. வில் ஒடிசியஸின் கைக்கு வருகின்றது. அவன் உடனே நாணேற்றவில்லை. தான் இல்லாத காலத்தில் கொம்பைப் புழு அரித்திருக்குமோ என்று ஐயுற்று, வில்லை இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்க்கின்றான். பார்த்து முடித்த பின்னரே நாணேற்றுகின்றான். வலிமையை மட்டும் நம்பியவர் தோற்ற இடத்தில், வில்லை அறிந்தவன் வென்றான். நம் நாட்டு இராமகாதையிலும் தலைமுறை பலவாக வைத்துப் போற்றப்பட்ட வில் ஒன்று வருகின்றது. எட்டு உருளைகளையுடைய பேழையில் வைத்து ஐயாயிரவர் இழுத்து வந்த அவ்வில், இராமன் நாணேற்றி இழுத்தபோது நடுவே முறிந்தது. அஃது அவன் தோள்வலிக்குச் சான்று. ஏனையோர் கையில் வில் முறியுமாயின், அது வலிமையைக் காட்டாது, அவசரத்தையே காட்டும்.

ஆதலின் முதற்செயல் ஆராய்தலே. இக்காலத்தில் கிடைக்கக்கூடிய பழைய எதிர்வளைவு விற்கள் பெரும்பாலும் கொம்பும் தசைநாரும் கொண்டவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலாக, மர அடுக்குகளின் முதுகிலும் வயிற்றிலும் கண்ணாடி இழைத் தகட்டை ஒட்டி வில் செய்வது வழக்கமாயிற்று. தசைநாருக்கும் கொம்புக்கும் உரிய இடத்தைக் கண்ணாடி இழை பெற்றது. பசைக்கு மாறாகச் செயற்கைப் பிசின் வந்தது. பொருள் மாறினும் முறை பழையதே. இவ்வில்லை வெளிச்சத்திற் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணால் நூல்பிடித்தாற்போல் நோக்க வேண்டும். கரம் ஒருபக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தால் அது அப்போதே தெரியும். பின்னர், சிறிது பஞ்சை விளிம்புகளின்மேல் மெல்ல இழுத்துச் செல்லவேண்டும். சிலும்பிய இடத்தில் பஞ்சு சிக்கிக்கொள்ளும். விரலால் தடவிப் பார்த்தல் ஆகாது; கண்ணாடி இழையின் சிம்பு தோலுக்குள் ஏறினால் எடுப்பது அரிது.

மெருகில் மட்டும் ஓடும் மயிரிழை போன்ற நெடுக்குக் கீற்றுகளுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. கரத்தின் குறுக்கே ஓடும் பிளவு, அடுக்குகளிடையே தோன்றும் இடைவெளி, குதையின் அருகில் காணும் வெடிப்பு ஆகிய இவை தீயவை. இவற்றுள் ஒன்று இருந்தாலும் அவ்வில்லைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாமேயன்றி எய்தல் கூடாது. முழுதும் இழுத்த வில்லின் கரம் எய்பவனின் முகத்திற்கு மிக அணித்தாக இருக்கின்றது. அந்நிலையில் அது முறிந்தால் துண்டு கண்ணிற் பாயும். பழைய வில்லை ஆராய்வதில் பணம் மட்டுமன்றிப் பார்வையும் அடங்கியிருக்கின்றது.

வில் குற்றமற்றது என்று தெளிந்தபின் நாணைப் பற்றி எண்ணலாம். பழைய நாண் பார்வைக்கு நன்றாக இருப்பினும் அதனை நம்புதல் தவறு. நாண் தேய்வதற்கென்றே அமைந்த உறுப்பு. கரமோ நிலைத்திருக்க வேண்டிய உறுப்பு. நாணின் விலை வில்லின் விலையிற் சிறு பகுதியே ஆகும். கீழ்க்கரத்தின் வயிற்றுப்புறத்தில் வில்லின் நீளமும் இழுவிசையும் எழுதப்பட்டிருப்பது வழக்கம். 66 அங்குலம் என்று எழுதியிருப்பின் அதற்கு 62 அங்குல அளவுள்ள நாண் ஏறத்தாழப் பொருந்தும். 28 அங்குலத்தில் 35 பவுண்டு என்று இருப்பின், நாணை அவ்வளவு தொலைவு இழுத்துப் பிடிக்க 35 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிலோகிராம் விசை வேண்டும் என்பது பொருள்.

நாணின் இழை எது என்பது அளவினும் முதன்மையானது. இக்காலத்தில் சிறிதும் நீளாத வலிய செயற்கை இழைகள் வந்துள்ளன. அவற்றாலாகிய நாண் அம்பை விரைவாகச் செலுத்தும். ஆனால் நாண் நீளாததால், அது நின்றவுடன் எழும் அதிர்ச்சி முழுதும் குதைகளையே தாக்கும். வலுவூட்டப்பட்ட நுனிகளையுடைய புதிய விற்கள் அதனைத் தாங்கும். பழைய விற்களின் குதைகள் பிளந்துவிடும். ஆதலால் பழைய வில்லுக்கு டெக்ரான் எனப்படும் பாலியெஸ்டர் இழையே தக்கது. அது சற்றே நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தணிக்கும். எருக்க நாரும் மரல் நாரும் திரித்த காலத்தில் இவ்வளவு தேர்வு இல்லை. கிடைத்த நாரை நன்றாகத் திரிப்பதே கைத்திறனாக இருந்தது. நாணின் இழைகளுக்குத் தேன்மெழுகு பூசித் தேய்த்தல் மட்டும் இன்றளவும் மாறாத வழக்கம். மெழுகு இழைகளை ஒட்டவைத்து, ஈரத்தையும் உராய்வையும் தடுக்கின்றது.

நாணேற்றும் முறையிலும் கருத்து வேண்டும். வில்லின் இடையே ஒரு காலை நுழைத்து, தொடையை அண்டைகொடுத்து வளைத்து நாணேற்றுவோர் உளர். பார்வைக்கு வீரமாகத்தான் இருக்கும். ஆயினும் அம்முறையில் கரம் ஒருபக்கமாக முறுக்கிக்கொள்ள இடமுண்டு. பழைய விற்களிற் காணப்படும் முறுக்கு பெரும்பாலும் இதனால் விளைந்ததே. இதற்கென்று நாணேற்று கயிறு என ஒன்று உண்டு. அதன் ஒரு முனையிலுள்ள தோல் உறையைக் கீழ்நுனியில் மாட்டி, மறுமுனையை மேற்கரத்தின்மீது பொருத்தி, கயிற்றின் நடுவைக் காலால் மிதித்துக்கொண்டு பிடியை நேர்மேலாகத் தூக்கவேண்டும். இரு கரங்களும் ஒரே சீராக வளையும். அப்போது நாணின் வளையத்தை மேற்குதையில் தள்ளிவிடலாம். முகத்தை வில்நுனிக்கு நேரே வைத்தல் கூடாது.

நாணேற்றியதும் இழுத்தல் ஆகாது. நாண் இரு கரங்களின் நடுக்கோட்டிலும் செம்மையாகப் படிந்திருக்கின்றதா என்று நோக்கவேண்டும். ஒருபக்கமாக விலகியிருந்தால் வில் தன்னைத்தானே புரட்டிக்கொண்டு நாணை உதறிவிடும். பிடியின் உட்குழிவுக்கும் நாணுக்கும் இடையேயுள்ள தொலைவை அளக்கவேண்டும். இவ்வகை விற்களுக்கு அது ஏழு முதல் ஒன்பது அங்குலம் வரை இருக்கும். குறைந்திருந்தால் நாணைக் கழற்றிச் சில முறுக்குகள் ஏற்றி மாட்டினால் நாண் குறுகித் தொலைவு மிகும். மிகுந்திருந்தால் முறுக்கைத் தளர்த்தவேண்டும். பழகியவர் நாணை விரலால் தட்டி ஒலியைக் கொண்டும் இதனை உணர்வர். ஒடிசியஸ் நாணேற்றியபின் அதனைத் தெறித்துப் பார்க்க, அது குருவி போல் இனிதாக ஒலித்தது என்று காப்பியம் கூறும்.

வில்லின் ஒலி தென்தமிழ் நாட்டார்க்குப் புதியதன்று. திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கோயில் கொடை விழாக்களின்போது வில்லுப்பாட்டு நிகழும். மணிகள் கட்டிய நீண்ட வில்லைக் குடத்தின்மேல் பொருத்தி, வீசுகோலால் நாணை அடித்துக் கதை பாடுவர். அவ்வில் அம்பை அறியாது. அக்கலையைத் தமிழகமெங்கும் பரப்பிய சுப்பு ஆறுமுகத்திற்கு 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. போர்க்கருவி இசைக்கருவியாக மாறியபோதும், நாணின் இறுக்கமே அதன் உயிராக நிற்கின்றது.

எய்யும் வில்லுக்கோ இறுக்கத்தினும் கொடிய சோதனை ஒன்று உண்டு. அம்பைப் பூட்டாமல் நாணை இழுத்து வெறுமனே விடுதலே அது. இழுத்த வில்லில் தேங்கிய ஆற்றலின் பெரும்பகுதியை அம்பு கொண்டு செல்லவேண்டும். அம்பு இல்லையெனில் அவ்வாற்றல் செல்லுமிடமின்றிக் கரங்களுக்கே மீள்கின்றது. நல்ல வில்லும் இதனால் பிளந்துபோகும். விளையாட்டாக ஒருமுறை தெறித்துப் பார்ப்போம் என்று பிறர் கேட்டாலும் இசைதல் ஆகாது. மிக இலேசான அம்பும் ஏறக்குறைய இதே தீங்கைச் செய்யும்.

மெருகிடுதல் இவற்றின் பின்னரே வரவேண்டும். முன்னரே மெருகிட்டால் குற்றங்கள் மறைந்துவிடும். மங்கியது போலத் தோன்றும் வில், மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்த அளவிலேயே பளபளப்பதுண்டு. அவ்வாறாயின் மேற்கொண்டு ஒன்றும் செய்ய வேண்டுவதில்லை. பழைய மெருகு உரிந்து போயிருந்தால் மட்டும், நீரில் நனைத்த நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கலாம். மெருகைத் தேய்க்கலாமேயன்றி, அடியிலுள்ள கண்ணாடி இழையை அறுத்தல் கூடாது. வில்லின் வலிமை அவ்விழையில்தான் உள்ளது. ஈரமாகத் தேய்த்தால் தூசு பறவாது. ஆயினும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல் நன்று. வண்ணம் நீக்கும் காரநீர்மங்களும், சூடான காற்றும் பிசினை இளக்கிவிடும், அவற்றை அணுகவிடலாகாது. இழுவிசை எழுதிய இடத்தைத் தேய்த்து அழித்துவிட்டால் பின்வருவோர் அவ்வில்லை அறிய வழியில்லை. ஆகையால் அவ்விடத்தை விட்டுத் தேய்க்கவேண்டும். அதன்பின் வார்னிஷை மிக மெல்லியதாகப் பூசி, நன்கு உலர்ந்தபின் மறுபூச்சு இடுதல் முறை. தடித்த பூச்சு ஒன்றினும் மெல்லிய பூச்சு நான்கு சிறந்தவை. தடித்தது வில் வளையும்போது வெடித்துவிடும்.

உண்மையான கொம்பு வில் கிடைத்தால் மேற்கூறிய எதனையும் செய்யாதிருத்தலே கடமை. அதற்கு நாணேற்றவும் கூடாது; மெருகைத் தொடவும் கூடாது. நெடுநாள் நாணின்றிக் கிடந்த கொம்பு வில், முனைகள் ஒன்றையொன்று நெருங்கும் அளவிற்கு எதிர்ப்புறம் சுருண்டிருக்கும். அது புறம் மாறியது தெரியாமல், சுருண்டபடியே நாண் கட்டிய அறியாமையும் நிகழ்ந்ததுண்டு. பழைய பசை ஈரத்தால் இளகும். மிகுந்த வறட்சியால் வெடிக்கும். கொரிய நாட்டு வில்லாளர் கொம்பு வில்லை இளஞ்சூடுள்ள பெட்டியில் வைத்து ஈரம் போக்கிய பின்னரே நாணேற்றுவர். மழைக்காலத்தில் கொம்பு வில் கெடுவதைக் கண்ட இந்தியக் கொல்லர், முழுதும் எஃகினாலாகிய விற்களையும் செய்தனர். அவை கொம்பு வில்லைப்போல் விசையுடையன அல்ல. எனினும் ஈரத்தால் பசை விடுமோ என்னும் கவலை அவற்றிற்கு இல்லை. பழைய கொம்பு வில்லின்மேல் உள்ள பூவேலையும் அரக்குப் பூச்சும் அதனைச் செய்த கைவினைஞனின் எழுத்துப் போன்றவை. அவற்றைத் தேய்த்துப் புதுக்கினால் வில் புதியதாகிவிடாது. சான்று அழிந்த பழம்பொருளாகவே ஆகும். அருங்காட்சியகத்தாரிடம் காட்டி அறிவுரை பெறுதலே அதற்குரிய வழி.

கண்ணாடி இழை வில்லைப் புதுக்கியபின் முதல்நாளே முழுதும் இழுத்தல் ஆகாது. நாணேற்றிய நிலையிற் சில மணி நேரம் விட்டுவைத்து, மீண்டும் விளிம்புகளை ஆராய்ந்து, பத்து அங்குலம், பதினைந்து அங்குலம் எனப் படிப்படியாக இழுத்து, ஒவ்வொரு முறையும் நாணைக் கையாற் பற்றியபடியே மெல்லத் தளர்த்தவேண்டும். 'டிக்' என்று சிற்றொலி எழுந்தால் அங்கேயே நிறுத்தவேண்டும். ஒலி எழாவிடின், பயிற்றுநர் ஒருவர் உடனிருக்க, தக்க எடையுள்ள அம்பைக் கொண்டு அண்மையிலுள்ள வைக்கோல் இலக்கை எய்து பார்க்கலாம்.

எய்து முடிந்ததும் நாணைக் கழற்றி வைத்தல் வேண்டும். காரியாபட்டி, சிவகாசிப் பகுதியின் வறண்ட காற்று தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் துணைசெய்தது. ஆயினும் அப்பகுதியின் சித்திரை வெயில் வில்லுக்குத் துணையன்று. தகரக் கூரையின் அடியிலோ, வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளோ வைத்த வில்லின் பிசின் ஒரே பகலில் விட்டுவிடக்கூடும். மூலையிற் சார்த்தி நிறுத்தினால் கீழ்க்கரத்தின்மேல் எடை இறங்கி நாளடைவில் முறுக்கு ஏறும். நிழலான சுவரில் இரண்டு மரமுளைகளை அடித்து, அவற்றின்மேல் வில்லைப் படுக்கைவாட்டில் வைத்து, மெழுகிட்ட நாணைச் சுருட்டி அருகே தொங்கவிடுதலே பொருத்தமாகும்.